சேஃப் மோட் வந்தால் முதலில் கவரைக் கழற்றுங்கள்

போன் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் வேறு வேறு கையெழுத்தில் சொல்கின்றன. திரையின் கீழ் மூலையில் ‘சேஃப் மோட்’ என்று வந்துவிட்டது, போகமாட்டேன் என்கிறது. திருகோணமலையில் மழைக்காலம் தொடங்கினால் என்.சி. வீதியில் இருக்கும் என் போன் திருத்தும் மேசைக்கும் இந்த அலுவல்தான் கூடுதலாக வரும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். குரல் பதிவாக வந்த கேள்விகளை நானே சுருக்கி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பிள்ளை, காலையில் எழும்பிப் பார்த்தால் என் சம்சுங் போனில் இடது பக்க மூலையில் ‘சேஃப் மோட்’ என்று எழுதியிருக்கிறது. வட்ஸ்அப் படம் சாம்பல் நிறமாகிவிட்டது, தொட்டாலும் திறக்கவில்லை. பேஸ்புக் திறக்கிறது, ஆனால் பழைய படங்களையே காட்டிக்கொண்டு நிற்கிறது. கனடாவில் இருக்கும் மகன் எடுத்தாலும் அழைப்பு வருவதில்லை. ஒரு கடையில் காட்டினேன். ‘சொஃப்ட்வெயர் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழியும்’ என்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. என்ன செய்ய?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாலையூற்று

பதில்: சேர், அந்தக் கடையில் போனைக் கொடுத்திருந்தால் முதலில் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றும் போகவில்லை, ஒன்றும் அழியவும் வேண்டியதில்லை.

அன்ட்ரொயிட் போனுக்குத் தொடங்குவதற்கு இரண்டு வழி இருக்கிறது. வழக்கமான வழியில் எல்லாச் செயலிகளும் எழும்பும். சேஃப் மோடில் தொடங்கினால் கம்பனி போனோடு சேர்த்துத் தந்த செயலிகள் மட்டும் எழும்பும். நீங்கள் பிறகு இறக்கிக்கொண்டவை எல்லாம் தூங்கும். வீட்டுக்காரர் உள்ளே, விருந்தாளிகள் முற்றத்தில் என்பது போல. உங்கள் போனில் பேஸ்புக் கம்பனி போட்டுத் தந்தது, வட்ஸ்அப் நீங்கள் போட்டது. அதனால்தான் ஒன்று திறக்கிறது, மற்றது திறக்கவில்லை. வட்ஸ்அப்பில் இருக்கும் செய்திகளும் படங்களும் அதே இடத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மகனின் அழைப்பு வராததற்குக் காரணம் இரண்டு. வட்ஸ்அப் தூங்குவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புதிய அன்ட்ரொயிட் போன்கள் சேஃப் மோடில் தொடங்கும்போது, அழைப்பையும் இணையத்தையும் நிறுத்தி வைக்கிற ஃப்ளைட் மோடைத் தாமாகவே போட்டுவிடும். திரையை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள், ஆகாயவிமானப் படம் எரிந்துகொண்டிருக்கும். அதை ஒருக்காத் தொட்டால் அணையும். சேஃப் மோடில் இருந்தபடியே சாதாரண அழைப்பு வரவும் போகவும் தொடங்கும். பேஸ்புக்கிலும் புதுப் படம் வரும்.

இனி வெளியே வரும் வழி. அதே இடத்தில், மேலிருந்து இழுத்தால் வரும் அறிவித்தல்களுக்குள், சேஃப் மோட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். சம்சுங்கில் அதைத் தொட்டால், ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும். ஆம் என்றால் சரி. அந்த வரி இல்லாவிட்டால் திரையை இரண்டு தரம் கீழே இழுங்கள். மேல் மூலையில் பவர் அடையாளம் வரும், அதைத் தொட்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். புதிய சம்சுங்குகளில் பக்கத்துப் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் பவர் பட்டியல் வராமல், குரலால் உதவுகிற செயலி எழும்பிக் கதைக்கத் தொடங்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அதன் வேலை அது. ரெட்மி, ரியல்மி போன்றவற்றில் பெரும்பாலும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலே போதும்.

போன் எழும்பி முடியும் வரைக்கும் மேசையில் மல்லாக்க வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். இது சாஸ்திரமல்ல, காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

திரை உறைந்துபோய் ஒன்றையும் தொட முடியாமல் இருந்தால், சம்சுங்கில் பவரையும் வொல்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 7 செக்கனுக்கு மேல் பிடிக்க வேண்டும். திரை கறுத்து, கம்பனிப் பெயர் வந்த கணமே இரண்டு விரலையும் எடுத்துவிட வேண்டும். பலர் பவரை விட்டுவிட்டு மற்ற விரலை எடுக்க மறந்துவிடுகிறார்கள். அப்போது போன் நேரே சேஃப் மோடுக்குத்தான் திரும்பப் போகும்.

இன்னொன்று சேர். ரீஸ்டார்ட் ஆன பிறகு கைரேகையை ஏற்காது, போனைத் திறக்கிற ‘பின்’ (PIN) இலக்கத்தைத்தான் கேட்கும். அதை அடிக்கும் வரைக்கும் அழைப்பு வந்தால் பெயர் வராமல் வெறும் இலக்கம் மட்டும் வரலாம், வட்ஸ்அப்பும் சத்தம் போடாது. அந்தப் ‘பின்’ இலக்கம் ஞாபகம் இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வீட்டில் யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாரும் தொடாமலே எப்படி வந்தது என்று யோசிப்பீர்கள். அப்டேட் போட்டுக்கொண்டு போன் தானாக ரீஸ்டார்ட் ஆகிற நேரத்தில் தலையணைக்குக் கீழே பட்டன் அமுங்கிக் கிடந்தாலே போதும்.

கேள்வி: அக்கா, ரீஸ்டார்ட் பண்ணினால் போகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பண்ணிப் பண்ணிக் கை நொந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் சேஃப் மோடிலேயே எழும்புகிறது. சிலநாள் மத்தியானத்தில் சரிவரும், விடிய எழும்பிப் பார்த்தால் திரும்பவும் அதே. கடலுக்குப் போகையில் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டித்தான் கொண்டுபோவேன். இப்போது பாட்டுக் கேட்கும்போது சத்தமும் தானாகக் குறைந்துவிடுகிறது.
– கடற்றொழிலாளி, திருக்கடலூர்

பதில்: தம்பி, கேள்வியின் கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். சத்தம் தானாகக் குறைகிறது என்றால் வொல்யூம் குறைக்கும் பட்டன் அமுங்கியபடி நிற்கிறது.

போன் தொடங்கும்போது அன்ட்ரொயிட் ஓரிடத்தில் நின்று, வொல்யூம் குறைக்கும் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். ஆம் என்றால் சேஃப் மோட். அதை அழுத்துவது உங்கள் விரலா, இறுகிய கவரா, உப்பா என்று அதற்குத் தெரியாது. ஆகவே நீங்கள் எத்தனை தரம் ரீஸ்டார்ட் செய்தாலும் அது அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைத்தான் பெறும். சொஃப்ட்வெயரை அழித்து எழுதினாலும் இதே கதைதான், ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை.

முதல் வேலை, கவரைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. சிரிக்க வேண்டாம். பஸ் நிலையப் பக்கம் விற்கிற கவர்களில் ‘இந்த மாடலுக்கும் சரிவரும்’ என்று தருபவை ஏராளம். அவற்றின் பட்டன் மேடு போனின் பட்டனுக்கு நேரே நிற்காமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். போன் சூடாகிக் கவர் இளகும்போது அழுத்தும், ஆறினால் விடும். வந்த போனை வாங்கி, கவரை உரித்து, ரீஸ்டார்ட் செய்து, காசு வாங்காமல் திருப்பிக் கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

கவர் இல்லாமலும் வருகிறதென்றால் பட்டனைச் சோதிக்க வேண்டும். வொல்யூமைக் கூட்டிவிட்டு விரலை எடுத்து, திரையில் வரும் கோட்டைப் பாருங்கள். அது தானாகக் கீழே வழுகினால் சந்தேகமே இல்லை. கெமராவைத் திறந்து பாருங்கள். நிறையப் போன்களில் வொல்யூம் பட்டன் படமெடுக்கவும் உதவும். ஒருவரும் தொடாமலே படபடவென்று எடுத்துத் தள்ளும். மூன்றாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. திரையை அணைக்கப் பவரை ஒருக்கா அழுத்துங்கள். அணையாமல் ஸ்கிரீன்ஷொட் எடுக்கிறதா? பவரும் வொல்யூம் குறைக்கும் பட்டனும் சேர்ந்தால்தான் ஸ்கிரீன்ஷொட். நீங்கள் அழுத்தியது ஒன்று, மற்றதை ஏற்கனவே ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருக்கிறது. படங்கள் இருக்கும் இடத்தில் ஸ்கிரீன்ஷொட் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் எடுக்காத, கடிகாரம் மட்டும் தெரிகிற படங்கள் வரிசையாகக் கிடந்தால் அந்தப் பட்டன் எந்த நாளில் இருந்து பழுது என்று திகதியோடு தெரிந்துவிடும்.

மத்தியானம் சரிவந்து விடியற்காலையில் கெடுவது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரிகிற பட்டன் வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதற்குக் கீழே சின்னக் குமிழ் மாதிரி ஒரு உலோக சுவிட்ச் இருக்கும். அழுத்தினால் ‘டிக்’ என்று நகத்துக்குத் தெரியும். கடலுக்குப் போய்வரும் போனைத் திறந்தால் அந்தக் குமிழைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். செப்பு இருக்கும் இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். இடைவெளியில் பொடி மணலும் இறுகியிருக்கும். பொலித்தீன் பையால் இதைத் தடுக்க முடியாது. ஈரக்கையால் பையைத் திறந்து போனை எடுத்து, கதைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறீர்களே, அந்த ஈரம் பைக்குள்ளேயே நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் காய்ந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். பட்டன் அமுங்காமலே அமுங்கியது போல ஆகிவிடும். வெயில் ஏறி உலர்ந்தால் விட்டுவிடும். வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் விடியற்புறத்து ஈரம் எப்படியென்று நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டும், நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு. போனை ஒஃப் செய்யுங்கள். இலத்திரனியல் சாமான் விற்கிற கடையில் ஐசோபுரோபைல் அல்கஹோல் கேட்டு வாங்குங்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு, சொட்டாமல் பிழிந்து, பட்டனின் ஓரத்தைச் சுற்றித் தடவுங்கள். தடவிக்கொண்டே பட்டனை அழுத்தி அழுத்தி விடுங்கள். பஞ்சில் மஞ்சளாகவோ பச்சையாகவோ ஏறினால் புதுக் குச்சி எடுங்கள். பிறகு நிழலில் காற்றுப்பட வைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். சைக்கிள் செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் வேண்டாம். ஊசியால் கிளற வேண்டாம், குமிழ் ஓட்டையாகிவிடும். அரிசிக்குள் புதைத்து வைப்பதை இனியாவது விட்டுவிடுங்கள். அரிசி உப்பை எடுக்காது, அதன் மாத்தூள்தான் சார்ஜ் குத்தும் துளைக்குள் போய் இறுகும். அதைக் கிளறி எடுப்பது எனக்கு இன்னொரு வேலை.

தண்ணீர் போகாத போன் என்று விற்கிறார்களே என்பீர்கள். ஐபி68 போன்ற அந்தச் சோதனைகளை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள், கடல் தண்ணீரில் அல்ல. அப்படிப்பட்ட போன் கடலில் நனைந்தால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசித் துடைக்க வேண்டும். சாதாரண போன் விழுந்தால் அலச வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், ஒஃப் செய்து அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுங்கள்.

துடைத்தும் சரிவராவிட்டால் பட்டனின் ஃப்ளெக்ஸ் மாற்ற வேண்டும். பட்டன்களை உள்ளே போர்டோடு இணைக்கிற, நாடா போன்ற மெல்லிய கேபிள் அது. பல மாடல்களில் பவர், வொல்யூம் எல்லாம் ஒரே ஃப்ளெக்ஸில்தான் வரும். அதை மாற்றப் போனுக்குள் இருக்கும் ஒரு படமும் அழிய வேண்டியதில்லை. கடையில் ‘சேஃப் மோட் எடுக்க வேண்டும்’ என்று கேட்காதீர்கள், ‘வொல்யூம் பட்டன் பார்க்க வேண்டும்’ என்று கேளுங்கள். விலையைத் திறக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அது வரைக்கும், மத்தியானம் உலர்ந்த நேரம் பார்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே வந்துவிட்டால் ஒஃப் செய்யாமல், சார்ஜ் தீர விடாமல் வைத்திருங்கள். சேஃப் மோடில் நிற்கிற போனோடு கடலுக்குப் போக வேண்டி வந்தால், கரையில் நிற்கும்போதே ஃப்ளைட் மோட் அணைந்திருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். சேர்த்து ஒரு அழைப்பும் எடுத்துப் பாருங்கள். காற்றுப் பார்க்க நீங்கள் இறக்கி வைத்திருக்கிற செயலி அந்த நிலையில் திறக்காது. போனோடு வந்த கூகுள் மெப் திறக்கும்.

கேள்வி: ரீஸ்டார்ட் செய்து வெளியே வந்துவிட்டேன், நன்றி. ஆனால் முகப்பில் வைத்திருந்த தமிழ் நாட்காட்டியைக் காணவில்லை. தமிழ் எழுதுகிற விசைப்பலகையும் மாறிவிட்டது. வைரசா?
– அலுவலகப் பணியாளர், உட்துறைமுக வீதி

பதில்: வைரஸ் இல்லை. சேஃப் மோடுக்குள் போகும்போது நீங்கள் இறக்கிய செயலிகளின் விட்ஜெட்டுகள், அதாவது உங்கள் நாட்காட்டி போல முகப்பிலேயே விரிந்து நிற்கிற பெட்டிகள், அங்கிருந்து விழுந்துவிடலாம். செயலி அப்படியே இருக்கும். முகப்பில் வெறும் இடத்தை அழுத்திப் பிடித்து, ‘விட்ஜெட்ஸ்’ என்பதற்குள் போய் நாட்காட்டியைத் திரும்ப இழுத்து வையுங்கள். விசைப்பலகையும் நீங்கள் தனியாக இறக்கியதென்றால் அது தூங்கிய நேரத்தில் போனின் சொந்த விசைப்பலகை இடத்தைப் பிடித்திருக்கும். செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்ப் பழையதை மீண்டும் தெரிவு செய்தால் சரி. வேண்டுமென்றே சேஃப் மோடுக்குப் போவதாக இருந்தால் போகும் முன் முகப்பை ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது எங்கே இருந்தது என்று தேட வேண்டி வராது.

கேள்வி: அக்கா, என் கேள்வி தலைகீழ். போனில் லொக்கைத் திறந்தவுடனேயே முழுத்திரைக்கு விளம்பரம் வரும். நானா சேஃப் மோடில் போட்டுத் தந்தார், விளம்பரம் ஒன்றும் வருவதில்லை. வெளியே எடுத்தால் திரும்பவும் வருகிறது. இப்படியே சேஃப் மோடில் வைத்திருந்தால் என்ன? உம்மாவுக்கு வட்ஸ்அப் இல்லை என்பதுதான் ஒரே குறை.
– மாணவி, கிண்ணியா

பதில்: தங்கச்சி, நானா தொடங்கியது சரியான வேலை. பாதியில் விட்டுவிட்டார், அவ்வளவுதான். சேஃப் மோடை வைத்திருப்பதே இதற்காகத்தான். அதற்குள் தொல்லை இல்லாமல் போனால், குற்றவாளி நீங்கள் இறக்கிய செயலிகளில் ஒன்று. அதற்குள்ளும் தொல்லை தொடர்ந்தால் குற்றம் போனில் அல்லது போனோடு வந்த ஏதோ ஒன்றில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சேஃப் மோடில் ஃப்ளைட் மோட் தானாக விழுந்திருந்தால் போனுக்கு இணையமே இருக்காது. இணையம் இல்லாமல் விளம்பரம் எங்கிருந்து வரும்? ஆகவே ஃப்ளைட் மோடை அணைத்து, வைஃபையையோ டேட்டாவையோ போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பாவியுங்கள். அப்போதும் வராவிட்டால்தான் நானாவின் சோதனை செல்லும்.

செல்லுமென்றால் வெளியே வாருங்கள். அடுத்த விளம்பரம் வரும்போது மூடிவிட அவசரப்படாமல், அண்மையில் திறந்தவற்றைக் காட்டுகிற பட்டனைத் தொடுங்கள், அல்லது கீழிருந்து மேலே இழுத்து நிறுத்துங்கள். அட்டைகள் வரிசையாக வரும். விளம்பரம் இருக்கிற அட்டையின் தலையில் ஒரு சின்னப் படம் இருக்கும், அந்தச் செயலிதான் ஆள். சில செயலிகள் கெட்டித்தனமாகப் பெயரையும் படத்தையும் வெறுமையாக வைத்திருக்கும். அப்படியென்றால் சேஃப் மோடுக்கே திரும்பப் போய் செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலைத் திறவுங்கள். டோர்ச், போனைத் துப்புரவாக்குகிறது என்று சொல்பவை, பட்டறி மிச்சம் பிடிக்கிறது என்று சொல்பவை, கியூஆர் படிப்பவை, படத்துக்குச் சட்டம் போடுபவை: என் அனுபவத்தில் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கும். போனில் ஏற்கனவே டோர்ச் இருக்கையில் இன்னொரு டோர்ச் எதற்கு?

கடைசியாக இறக்கியதை முதலில் அகற்றுங்கள். ஒவ்வொன்றாக அகற்றி, வெளியே வந்து, அரை நாள் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அகற்றினால் எது ஆள் என்று தெரியாமலே போய்விடும், பிறகு அதையே திரும்ப இறக்குவீர்கள். சில செயலிகளில் ‘அன்இன்ஸ்டோல்’ தொட முடியாமல் மங்கியிருக்கும். அது போனின் நிர்வாகி உரிமையை வாங்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடி, அந்தப் பெயருக்கு எதிரே இருப்பதை அணைத்தால் அகற்ற விடும். மற்றச் செயலிகளுக்கு மேலே தோன்ற அனுமதி பெற்றவை என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உங்களுக்குத் தெரியாத பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியில் ப்ளே ஸ்டோருக்குள், செயலிகளைச் சோதித்துப் பார்க்கிற ப்ளே ப்ரொடெக்டை ஒருக்கா ஓட விடுங்கள்.

வட்ஸ்அப் குழுக்களில் யாரோ அனுப்புகிற ஏபிகே கோப்பை, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரே செயலியைப் போடுகிற கோப்பை, தட்டி எதையும் போடாதீர்கள். ‘நிறம் மாற்றக்கூடிய வட்ஸ்அப்’ என்று வருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேஃப் மோடிலேயே இருக்கலாமா என்ற கேள்விக்கு: இருக்கலாம், போன் பழுதாகாது. ஆனால் வங்கிச் செயலி திறக்காது, வகுப்புச் செயலி திறக்காது, உம்மா ஒவ்வொரு நாளும் கேட்பார்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் மைத்துனர் பாவித்த போனை எனக்கு அனுப்பினார். சேஃப் மோட் வந்தது. ஒரு கடையில் எல்லாவற்றையும் அழித்துத் திருத்தினார்கள். இப்போது மைத்துனரின் பழைய ஜிமெயிலைக் கேட்கிறது, அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. மூலையில் சேஃப் மோடும் அப்படியே நிற்கிறது!
– புறாத்தீவுக்கு வள்ளம் ஓட்டுபவர், நிலாவெளி

பதில்: படிக்கையிலேயே கோபம் வருகிறது. ஒரு பட்டனைத் துடைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் போனையே துடைத்திருக்கிறார்கள். சேஃப் மோட் இன்னும் நிற்பதே சாட்சி. கோளாறு பட்டனில்தான், மேலே திருக்கடலூர்த் தம்பிக்கு எழுதியதை அப்படியே செய்யுங்கள். நிலாவெளி மணலும் சும்மா இராது.

ஜிமெயில் கேட்பது இன்னொரு விஷயம். 2015இல் வந்த அன்ட்ரொயிட் 5.1 முதல் இருக்கிற பூட்டு அது. போனுக்குள் போய் செட்டிங்ஸ் வழியாக அழிக்காமல், வெளியே பட்டன்களை அழுத்தி அழித்தால், கடைசியாக அதற்குள் இருந்த கூகுள் கணக்கைக் கேட்கும். களவெடுத்தவன் அழித்துவிட்டுப் பாவிக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. மைத்துனர் போனை அனுப்பும் முன் தன் கணக்கை அகற்றவில்லை, அதனால் அவருடையதைக் கேட்கிறது. அவரை வட்ஸ்அப்பில் எடுத்து, அந்த ஜிமெயிலையும் கடவுச்சொல்லையும் வாங்கி ஒருக்கா அடித்தால் திறக்கும். திறந்ததும் செட்டிங்ஸில் அவருடைய கணக்கை அகற்றிவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். அவர் தன் கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்ளட்டும். அவருக்கே மறந்துபோயிருந்தால் கூகுளில் மீட்டெடுக்க வேண்டும். அப்படிப் புதிதாக மாற்றிய கடவுச்சொல்லைப் போன் உடனே ஏற்காவிட்டால் ஒரு நாள் பொறுத்துத் திரும்ப அடியுங்கள். ‘பூட்டை உடைத்துத் தருகிறோம்’ என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அழிந்தவற்றில் சிலது திரும்ப வரலாம். உங்கள் கூகுள் கணக்கில் படங்களின் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததென்றால் உள்ளே போனதும் கூகுள் போட்டோஸில் தெரியும். வட்ஸ்அப் பேக்கப் இருந்தால் அதே தொலைபேசி இலக்கம், அதே கூகுள் கணக்கு இரண்டையும் கொடுத்துப் போடும்போது மீட்கவா என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரத்தில் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: பவர் பட்டனே வேலை செய்யாத போனை எப்படி ரீஸ்டார்ட் செய்வது? சேஃப் மோடில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.
– தையல்காரர், மூதூர்

பதில்: மேலிருந்து இழுத்தால் வரும் பவர் அடையாளம் உங்கள் போனில் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் ‘அக்சசிபிலிட்டி மெனு’ என்று ஒன்று இருக்கும், சம்சுங்கில் ‘அசிஸ்டன்ட் மெனு’. அதைப் போட்டால் திரையில் ஒரு சின்ன அடையாளம் வந்து நிற்கும், அதற்குள் பவர், வொல்யூம், ஸ்கிரீன்ஷொட் எல்லாம் இருக்கும். இரண்டும் போனோடு வருபவை, சேஃப் மோடிலும் வேலை செய்யும். பவர் பட்டன் செத்திருக்கையில் பட்டறியை முழுக்கத் தீர விடாதீர்கள். பல போன்கள் சார்ஜில் போட்டாலும் பட்டறிப் படத்தை மட்டும் காட்டிவிட்டு, எழுப்ப அதே பட்டனைத்தான் கேட்கும். பட்டனைத் திருத்தக் கொடுக்கும்போது வொல்யூம் பட்டனும் அதே ஃப்ளெக்ஸில்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரே செலவில் இரண்டும் முடியும்.